அஞ்சாவது நாற்காலி

அத்தியாயம் 6

தேவகி மேசைமேல் வைத்த பொட்டலத்தைப் பிரித்ததும், சுப்பராயலு உறிஞ்சப் போன டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டார்.

உள்ளே ஒரு ரப்பர் கையுறை. முழங்கை வரை நீளும் தடித்த கறுப்பு ரப்பர். ஒரே ஒரு கைக்கானது, இடது கைக்கு. ஐந்து விரல்களையும் அடியோடு நறுக்கி, நூலில் கோத்து, கையுறையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கூடவே ஒரு காகிதம். கம்ப்யூட்டரில் அடித்த எழுத்து.

"பைனல் லிஸ்ட்டில் உன் பெயர் வரக்கூடாது. வந்தால் நீ ஆடுகிற கை இருக்காது."

"இதுக்கு மேல மொய் எழுதி வேற அனுப்பணுமா?" என்றார் சுப்பராயலு. சிரிப்பு வரவில்லை. பயம் வந்தால் அவருக்கு வாய் தானாக ஓடும். மினி பஸ்ஸில் இருபது வருஷம் கண்டக்டராக இருந்தபோது பிடித்துக்கொண்ட வியாதி அது.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பரிமளா கையுறையைத் தொடவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் குரலையெல்லாம் கேட்டுக் கேட்டே மனிதர்களைப் படித்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து சுப்பராயலுதான் அவளுக்கு உதவியாளர், வேன் டிரைவர் எல்லாம். ஐம்பத்திரண்டு வயது. எதையும் முதலில் காதால்தான் விசாரிப்பாள்.

"மொதல்லேந்து சொல்லுங்கம்மா. பையன் என்ன பண்றாரு?"

தேவகிக்கு மரக்காணத்தை ஒட்டிய கடலோரக் குப்பம். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"எம் புள்ள பேரு வெற்றிச்செல்வன் மேடம். கம்ப்யூட்டர்ல சுட்டுக்கினு ஆடுவாங்களே, அந்த ஆட்டம். திண்டிவனம் டைட்டன்ஸுன்னு ஒரு டீமு. அதுல மாசச் சம்பளத்துக்கு ஆடறான். இன்னிக்கு விழுப்புரத்துல பைனலு. பத்து மணிக்கு."

"உக்காந்து ஆடறதுக்குச் சம்பளமா? நான் நின்னுக்கினே இல்ல சம்பாதிச்சேன்" என்றார் சுப்பராயலு.

பரிமளா ஒரு பார்வை பார்த்தாள். அவர் டீயைக் குடித்தார்.

"நேத்து சாயங்காலம் இது வந்துச்சு. ஆடாதடான்னு கால்ல விழுந்து கேட்டேன். கேக்க மாட்டேங்கறான். போலீசுக்குப் போனா லீக்குல பேரு கெட்டுடுமாம். அவங்க அப்பாவால கடலுக்குப் போவ முடியல மேடம். இவன் கை போச்சுன்னா ஆட்டமும் போச்சு, வலையும் போச்சு. அந்தக் கையை மட்டும் எனக்குக் காப்பாத்திக் குடுங்க." பொட்டலத்தைத் தன் பக்கத்திலிருந்து தள்ளிவைத்தாள். "ஏற்கெனவே ஒரு புள்ள கையை ஒடைச்சிட்டாங்க."

"உங்க பையன் இடது கைக்காரரா?"

"ஆமா மேடம். வலை வீசறது, எழுதறது எல்லாம் பீச்சாங்கைதான்."

பரிமளா எழுந்துவிட்டாள். "இடது கைன்னு தெரிஞ்சு இடது கையை அனுப்பியிருக்கான். அவனோட நெருக்கமா பழகினவன். டீமுக்குள்ளேயே இருக்கான். சுப்பராயலு, வேனை எடுங்க. ஏழு மணிக்கு மேல ஆயிடுச்சு."

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் பரிமளா வேனை ஓரம் கட்டச் சொன்னாள். 2017 டிசம்பர். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டே போய்க்கொண்டிருந்தன. சாலையோரத்தில் ஒரு புரோட்டா கடை, அதன் வாசலில் கை கழுவ ஒரு சிமெண்ட் தொட்டி.

இங்கேதான் பத்து நாள் முன்னால் அது நடந்தது. டீமின் மரிய அருண் செமி பைனலுக்கு முந்தின நாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் இறங்கி, தொட்டி விளிம்பில் இருந்த அருணின் வலது கைமேல் இரும்புக் குழாயால் ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தான். பணம் கேட்கவில்லை, செல்போனைத் தொடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மணிக்கட்டு மூன்று இடத்தில் உடைந்துவிட்டது. அருணுக்குப் பதிலாக வெற்றிச்செல்வனை இறக்கினார்கள். டீம் செமி பைனலில் ஜெயித்துவிட்டது.

பின் சீட்டில் இருந்த தேவகி அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்பராயலுவுக்கு அவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவருக்கும் ஒரு பையன் இருக்கிறான், பாலிடெக்னிக் படிக்கிறான்.

"எதிர் டீம் புதுச்சேரிக்காரங்க" என்றார் மெல்ல. "கண்டமங்கலம் தாண்டி ஒரு பைக்கு வர எவ்வளோ நேரம் ஆவும்?"

"அருண் அடிபட்டு யாருக்கு லாபம்னு யோசிங்க. செமி பைனல்ல புதுச்சேரி எதிர்ல இல்ல. வண்டியை எடுங்க."

விழுப்புரத்தில் பைனலுக்காக ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். மணவறை இருக்கவேண்டிய மேடையில் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துக் கம்ப்யூட்டர்கள். நாற்காலிகளின் முதுகில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். ஏ.சி.யைக் கல்யாணத்துக்குப் போடுவதைவிட மூர்க்கமாகப் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் சுப்பராயலுவுக்குப் பல் கிட்டியது. கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளிலிருந்து துப்பாக்கிச் சத்தமும் கண்ணாடி உடையும் சத்தமும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தன. பார்க்க வந்த கூட்டம் ஒவ்வொரு சத்தத்துக்கும் கைதட்டியது. கை உடையப் போகிறவன் யார் என்று தெரியாமல் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கோச் வெனிலாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் சிலுவை, காதில் பென்சில், கையில் ஒரு நோட்டு. மணமகள் அறையைத்தான் டீமுக்கு ஒதுக்கியிருந்தார்கள். வாசலில் நின்றே பேசினாள்.

"லிஸ்ட்டை யாரு முடிவு பண்றது?" என்று கேட்டாள் பரிமளா.

"நான் மட்டும்தான் மேடம். நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு அஞ்சு பேரை எழுதி, கவர்ல ஒட்டி நடுவர்கிட்ட குடுத்தாச்சு. இன்னிக்குப் பத்து மணிக்குப் பிரிச்சு மைக்ல படிப்பாங்க. அதுவரைக்கும் ஆடறவனுக்கே தெரியாது."

"நல்லா சுடற அஞ்சு பேரைப் பொறுக்கிப் போட வேண்டியதுதானே?" என்றார் சுப்பராயலு.

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க சார். அஞ்சு பேரும் மொதல்ல கதவைத் தொறக்க ஓடுவானுங்க. பின்னாடி பாக்க ஆள் இல்லாம அஞ்சும் சாவும். எனக்கு ஒருத்தன் ஓடணும், ஒருத்தன் பொகை போட்டு மறைக்கணும், ஒருத்தன் தோத்துக்கினு இருக்கும்போதும் கத்தாம வழி சொல்லணும். அஞ்சாவது நாற்காலி தூரத்துலேந்து குறி பாக்கறவனுக்கு. அவன் எதை எங்க பாக்கறான்னு மத்த நாலு பேருக்கும் வாய் விட்டுச் சொல்லணும். குறி இருந்து வாய் இல்லன்னா என் லிஸ்ட்ல எடமில்ல." நோட்டைத் தட்டினாள். "பிராக்டீஸ்ல ஒவ்வொருத்தன் எத்தன தடவ வாயத் தொறந்தான்னு இதுல இருக்கு."

"அப்ப எனக்கு அஞ்சாவது நாற்காலி நிச்சயம்" என்றார் சுப்பராயலு.

"இன்னிக்கு அந்த நாற்காலி வெற்றிக்கா?" பரிமளா சடாரென்று கேட்டாள்.

"சொல்ல மாட்டேன் மேடம். வெளிய விட்டா டீமையே தள்ளிடுவாங்க."

"அவன் கையை எடுத்துடுவோம்னு எழுதியிருக்காங்கம்மா."

வெனிலாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் தலையை ஆட்டினாள். "என்னால முடியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். கவர் பிரிச்சப்புறம் ஒருத்தனுக்கு அடிபட்டா, ரிசர்வ்ல இருக்கறவனைத்தான் எறக்க முடியும். ஏழு பேர்ல அருண் போயிட்டான். மீதி ஆறு. நாலு பேரை மாத்த முடியாது. அஞ்சாவது நாற்காலிக்கு ரெண்டே பேர்தான். வெற்றி ஒண்ணு, பிரேம் ஒண்ணு."

"பிரேம் யாரு?"

"பிரேம்குமார். ஓனர் ராஜாங்கம் சாரோட பையன்."

சுப்பராயலு பரிமளாவைப் பார்த்தார். அருண் போனான், வெற்றி வந்தான். வெற்றியும் போனால் பிரேம் வருவான். இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது? அறை மூலையில் குளிருக்குத் தலையை மூடிய சட்டையோடு ஒருவன் தனியாக உட்கார்ந்து, தொடைமேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவன்தானே?" என்று கிசுகிசுத்தார். "பாத்தாலே சரியில்ல மேடம்."

"பாத்து முடிவு பண்ற வேலை டாக்டருக்கே ஒத்து வராது."

அறை நடுவில் ஒரு பெஞ்சு. அதன்மேல் ஐந்து எவர்சில்வர் பேசின்கள் வரிசையாக, ஒவ்வொன்றின்மேலும் ஒரு தட்டு மூடி, எண் எழுதிய காகிதம் ஒட்டி.

"இதென்ன, மாப்பிள்ளைக்குக் கால் அலம்பவா?" என்று கேட்டார் சுப்பராயலு.

"வெந்நீர் சார். இந்தக் குளிர்ல வெரலு வெறைச்சுக்கும். பேரு படிச்சதும் மவுஸ் பிடிக்கற கையை மூணு நிமிஷம் வெந்நியில வச்சிட்டுத்தான் மேடைக்குப் போவணும். என் டீம்ல அது சட்டம்" என்று வெனிலா சொல்லிவிட்டு நடுவரிடம் ஓடினாள்.

மணி ஒன்பது நாற்பது ஆகியிருந்தது.

மேடைக்குப் பின்னால் பழகுவதற்கு என்று ஒரு கம்ப்யூட்டரைப் போட்டிருந்தார்கள். வெற்றிச்செல்வன் அதில் ஆடிக்கொண்டிருந்தான். கடல் வெயிலில் கறுத்த கை. அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தேவகி அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டால் யாராவது அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தாள்.

சுப்பராயலு திரையைப் பார்த்தார். பரிமளா திரையைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, மவுஸை வலது கையில பிடிச்சிருக்கீங்க?"

"ஆமா மேடம்."

"இடது கைக்காரர்னு அம்மா சொன்னாங்களே."

"எழுதறது, வலை வீசறதெல்லாம் இடதுதான். மவுஸ் மட்டும் வலது. மரக்காணத்துல பிரவுசிங் சென்டர்லதான் ஆடக் கத்துக்கினேன். மவுஸைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு வயரைக் குட்டையாக்கி வலது பக்கத்து ஆணியில கட்டி வச்சிருப்பாரு கடைக்காரரு. இடது பக்கம் எட்டவே எட்டாது. அப்பிடியே பழகிடுச்சு."

பரிமளாவின் கண் ஒரு கணம் மூடித் திறந்தது. எக்ஸ்சேஞ்சில் தப்பான இணைப்பு விழுந்தால் அவள் இப்படித்தான் கண்ணை மூடுவாளாம். சுப்பராயலுவை ஓரமாக இழுத்தாள்.

"வெளிய போய் மூணு பேரைக் கேளுங்க. வெற்றி எந்தக் கையால ஆடுவான்னு மட்டும் கேளுங்க. ஜல்தி."

அவர் ஓடினார். புதுச்சேரி டீமின் மானேஜரைக் கேட்டார். நுழைவுச் சீட்டு கிழிக்கிறவனைக் கேட்டார். டீ விற்கிறவரையும் கேட்டார். மூன்று பேரும் யோசிக்காமல் ஒரே பதிலைச் சொன்னார்கள். டீக்காரர் மட்டும் கூடுதலாக, "வலது கைதான்யா. ஆடறதை செல்லுல டெய்லி காட்றாங்களே, பாக்கலியா?" என்று திட்டி அனுப்பினார்.

"எல்லாருக்கும் வலது கைன்னு தெரிஞ்சிருக்கு மேடம்."

"நான் காலையில தப்பா சொல்லிட்டேன் சுப்பராயலு. இடது கையை அனுப்பினவன் இவனை நல்லா தெரிஞ்சவன் இல்ல. இவன் எழுதறதைப் பாத்திருக்கான், ஆடறதைப் பாத்ததே இல்ல. டீம்ல இருக்கறவன் எவனும் இதைப் பண்ணல. அந்த மூலையில உக்காந்திருக்கற பையனும் பண்ணல. அவன் தினமும் இவன் பக்கத்துல உக்காந்து ஆடறவன்."

"குப்பத்துல எல்லாரும் இவன் வலை வீசறதைப் பாத்திருப்பாங்களே?"

"லிஸ்ட்ல யாரு வந்தா குப்பத்துக்கு என்ன?" அவள் வெற்றியிடம் திரும்பினாள். "தம்பி, கடைசியா பேனா பிடிச்சு எங்க எழுதினீங்க?"

அவன் சிரித்தான். "பேனாவா? காலேஜ் விட்டப்புறம் எல்லாம் செல்லுதான் மேடம். டீம்ல சேரும்போது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டேன், அவ்வளோதான்."

"எங்க வச்சு?"

"ஓனர் ஆபீஸ்ல. திண்டிவனத்துல அவரு எண்ணெய் மில்லுல. அவரை நேர்ல பாத்ததே அந்த ஒரு தடவைதான்."

ராஜாங்கம் முதல் வரிசைச் சோபாவில் இருந்தார். வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் சந்தனம், மடியில் ஒரு சால்வை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை எண்ணெய் வியாபாரத்தில் திண்டிவனம் வட்டாரத்தில் அவர் பெயருக்குத் தனி மரியாதை. சுப்பராயலுவின் வீட்டில்கூட அவர் மில் எண்ணெய்தான். இந்த மனுஷனா என்று அவருக்கு நம்பவே முடியவில்லை.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

"வணக்கம் சார். வெற்றிச்செல்வனோட சொந்தக்காரங்க" என்று பரிமளா கூசாமல் சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பையனைப் பாத்து ஆசீர்வாதம் பண்ணீங்களா?"

"இப்பத்தாம்மா எல்லாருக்கும் வாழ்த்து சொல்லலாம்னு உள்ள போனேன். பசங்க வெளிய பழகிக்கினு இருக்கானுங்க போல. ரூமு காலியா இருந்துச்சு."

சுப்பராயலுவின் முதுகில் ஏ.சி.யைவிடக் குளிரான ஒன்று ஊர்ந்தது.

"இடது கைக்காரன் சார் எங்க பையன். அந்தக் கையால எப்பிடித்தான் இந்த வேகம் வருதோ" என்றாள் பரிமளா.

"ஆமாம்மா. பீச்சாங்கைக்காரனுக்கு அது ஒரு வரம். நானும் பாத்து அசந்து போயிருக்கேன்."

கோர்ட்டாக இருந்தால் இது ஒன்றும் செல்லாது. ஆனால் பரிமளாவுக்குப் போதும். அவள் குரல் மாறவே இல்லை. பால் விலை பேசுகிற தோரணையில் அடுத்ததைச் சொன்னாள்.

"எப்பிடியோ போவட்டும் சார். எங்க பையன் இன்னிக்கு ஆடல. வெற்றிக்கு எடமில்லியாம். அஞ்சாவது நாற்காலி உங்க பையன் பிரேமுக்குன்னு கோச்சு இப்பத்தான் எங்கிட்ட சொல்லிட்டுப் போறாங்க."

சுத்தப் பொய். சுப்பராயலு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

ராஜாங்கத்தின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. "யாருக்கு?"

"பிரேமுக்கு."

"சும்மா சொல்லாதம்மா. இன்னும் கவரே பிரிக்கலியே. அந்தப் பொண்ணு ஒரு வருஷமா என் புள்ளையை மூலையில உக்கார வச்சிருக்கு. எத்தன தடவ கேட்டேன், ஒரே ஒரு ஆட்டம் குடும்மான்னு. லிஸ்ட்டுல நீங்க தலையிடக் கூடாதுன்னு என் காசுல சம்பளம் வாங்கிக்கினே எங்கிட்ட சொல்லுது." குரலில் இருந்த வெறுப்பு அவரையும் மீறி வெளியே வந்தது. ஆனால் அவர் கண் மேடையில் இல்லை. மணமகள் அறைக் கதவுக்கு ஓடி ஓடித் திரும்பியது.

பரிமளா அந்தக் கண்ணைப் பின்தொடர்ந்தாள். கதவு. உள்ளே பெஞ்சு. பெஞ்சின்மேல் மூடிய பேசின்கள். முழங்கை வரை நீளும் தடித்த ரப்பர் கையுறை. எண்ணெய் மில்லில் அப்படிப்பட்ட கையுறையைப் போட்டுக்கொண்டு எதைக் கையாளுவார்கள்?

"சார்" என்றாள், இந்த முறை குரல் தாழ்ந்து. "எண்ணெய் சுத்தம் பண்ண மில்லுல காஸ்டிக் சோடா வச்சிருப்பீங்க, இல்ல? கை பட்டா வெந்து போவுமே, அது?"

அவர் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. நடுவர் கவரைப் பிரித்துவிட்டார். திண்டிவனம் டைட்டன்ஸ், முதல் நாற்காலி என்று ஒரு பெயர். கூட்டம் கத்தியது. இரண்டு. மூன்று. நான்கு.

"அஞ்சாவது நாற்காலி... பிரேம்குமார்!"

சுப்பராயலு பரிமளாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆறு வருஷத்தில் அவள் இப்படி அதிர்ந்து அவர் பார்த்ததில்லை. அவள் சொன்ன பொய், பொய்யாகவே இல்லை.

ராஜாங்கம் சால்வையை உதறிவிட்டு ஓட ஆரம்பித்திருந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. முதலாளி மகனைக் கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நினைத்து நாலு பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார்கள். அவர் அவர்களைத் தள்ளிக்கொண்டு, வேட்டி தடுக்கி, முழந்தாள் அடிபட விழுந்து எழுந்து ஓடினார். பின்னாலேயே பரிமளாவும் சுப்பராயலுவும். மண்டபத்தில் இருந்த நாற்காலிகளெல்லாம் அன்றைக்கென்று குறுக்கே கிடந்தன.

கதவைத் தள்ளியபோது ஐந்து பேரும் பெஞ்சு முன்னால் நின்றிருந்தார்கள். தட்டுகளை எடுத்தாயிற்று. நான்கு பேர் கை ஏற்கெனவே தண்ணீருக்குள். பிரேம் கடைசியில், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, நம்ப முடியாத சிரிப்போடு அஞ்சாவது பேசின்மேல் வலது கையை நீட்டிக்கொண்டிருந்தான். விரலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"டேய்! தொடாத!"

ராஜாங்கம் பாய்ந்து பேசினைத் தன் கையாலேயே தட்டிக் கவிழ்த்தார். தண்ணீர் அவர் வலது கைமேலும் வேட்டிமேலும் கொட்டித் தரையில் பரவியது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சாதாரணத் தண்ணீர்தான், பார்வைக்கு. ராஜாங்கம் மகனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டுகூடப் படவில்லை என்று தெரிந்ததும் சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல வேறு ஏதோ ஆனது. விரலோடு விரலைத் தேய்த்தார். சோப்புப் போட்டதுபோல வழுக்கியது. அதற்கப்புறம்தான் அலறினார்.

"தண்ணி! நிறுத்தாம ஊத்துங்க, பச்சத் தண்ணி!" என்று பரிமளா கத்தினாள். "மத்தவங்க எல்லாரும் கையை எடுங்க, கழுவுங்க!"

சத்தம் கேட்டு மகனோடு வாசலுக்கு வந்த தேவகி முதலில் அசைந்தாள். மூலையில் இருந்த குடிதண்ணீர்க் கேனை இடுப்பில் சாய்த்துக்கொண்டு ராஜாங்கத்தின் கையில் ஊற்ற ஆரம்பித்தாள். வெற்றி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். சுப்பராயலு ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்.

"எம் புள்ள கைக்கா வச்சே இதை?" என்று தேவகி கேட்டாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. ஊற்றுவதையும் நிறுத்தவில்லை. "சொல்லு. எம் புள்ள கைக்கா?"

ராஜாங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பிரேம் இன்னும் அதே இடத்தில், சுருட்டிய சட்டைக் கையோடு நின்றுகொண்டிருந்தான். நனைந்து வெளுத்துப்போன தரை விரிப்பைப் பார்த்தான், அப்பாவின் கையைப் பார்த்தான். "அப்பா. அருண் கை?"

ராஜாங்கம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்பா, அருண் கையை ஒடைச்சதும் நீதானா?"

"உனக்காகத்தான்டா" என்றார் ராஜாங்கம், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒரு தடவ உன்னை அந்த மேடையில பாக்கணும்னுதான்டா. இந்தப் பொண்ணு உன்னை எறக்கவே மாட்டேன்னுச்சே..."

வெனிலா அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். கேட்டதும் கையிலிருந்த நோட்டைப் பெஞ்சின்மேல் போட்டாள்.

"நான் எறக்க மாட்டேன்னு சொல்லல சார். வாயைத் தொறக்கட்டும்னு சொன்னேன். ரெண்டு மாசமா தொறந்துட்டான். பிராக்டீஸ்ல அருணைவிட, வெற்றியைவிட இவன்தான் அதிகமா பேசினான், சரியா பேசினான். எல்லாம் இதுல இருக்கு. ஒரு நாளாவது வந்து பாத்தீங்களா? பைனலுக்கு இவன்தான்னு மூணு வாரம் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். செமி பைனல்ல இவனைக் காட்டாம ஒளிச்சு வச்சதே எதிர் டீம் இவன் ஆட்டத்தைப் படிக்கக் கூடாதுன்னுதான். அருண் கை நல்லா இருந்திருந்தாலும் இன்னிக்கு இவன்தான்."

ராஜாங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தேவகி கூடவே குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கதவருகே நடுவரின் ஆள் எட்டிப் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் ஐவரும் மேடையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் ஆட்டம் எதிர் அணிக்கு என்றான். பிரேம் தன் பெயர் அச்சடித்த ஜெர்சியைத் தலைவழியே கழற்றி, நாலாக மடித்து, வெனிலாவின் நோட்டுமேல் வைத்தான்.

"வெற்றியை எறக்குக்கா. எம் பேரை எடுத்துடு."

"பைத்தியமாடா? அது நீயா சம்பாரிச்ச எடம். ஒருத்தரும் உனக்குக் குடுக்கல."

"நானா வந்தேன்னு இனிமே யாரு நம்புவாங்கக்கா?"

வெனிலா மடித்த ஜெர்சியை அவன் பக்கமே நகர்த்தி வைத்தாள். வெளியே ஒலிபெருக்கியில் நடுவர் அவன் பெயரை இரண்டாம் முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.